கை போன வழி

கெலமங்கலத்தில் காலை ஏழரை மணி வெயில்
பாலிஹவுஸ் கூரை வழியாக
நீர்மோர் மாதிரி இறங்கும்.
அந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் உண்டு.
பத்து மணிக்கு மேல்
எல்லா இலையும் நல்ல இலை.

தொடக் கூடாது.
குனிந்து, கீழிருந்து மேலே பார்க்க வேண்டும்,
தாவணி மடிப்பில் கறை தேடுகிறவள் போல.
நாலாம் பாத்தி, பதின்மூன்றாவது நூல்.
பச்சைக்குள் ஒரு வெளிர்பச்சை,
அதற்குள் கொஞ்சம் மஞ்சள்,
நரம்பு மட்டும் அடர்த்தியாக.
தேமல்.

என் முதுகில் இருக்கிறது, இருபது வருஷமாக.
யாரும் கவலைப்பட்டதில்லை.
குடைமிளகாய்க்கு வந்தால்
திம்மராயப்பா ஓசூர் பேங்க்குக்குப்
போகாத நாளாகப் பார்த்துப் போவார்.

பிளாஸ்டிக் பையைப் புரட்டிக் கையில் மாட்டி
ஓர் இலை கிள்ளினேன்.
பைக்குள்ளேயே மருந்து நீர் ஊற்றிக் கசக்கி
சோதனைப் பட்டையை முக்கினேன்.
ஒரு கோடு வந்தால் பட்டை சரி.
இரண்டு வந்தால் செடி சரியில்லை.

பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த வெங்கடலட்சுமி,
"ரெண்டு கோடா?
நான் மூணு தடவை பார்த்திருக்கேன்.
மூணும் பொண்ணு" என்றாள்.
சிரித்துக்கொண்டிருக்கும்போதே
இரண்டாவது கோடு
மெல்ல, வெட்கப்பட்ட மாதிரி, வந்தது.

இன்னும் ஒன்பது பட்டை இருந்தது.
எண்ணூறு செடி.
அதனால் கண்ணால் எழுதினேன்,
ஆஜர் நோட்டின் பின்பக்கத்தில்,
சந்தேகம் என்றால் பெருக்கல் குறி,
இல்லையென்றால் புள்ளி.

ஒன்று, இரண்டு, மூன்றாம் பாத்தி முழுக்கப் புள்ளி.
நாலில் பெருக்கல், பெருக்கல், பெருக்கல்.
பேன் கொண்டுவந்த நோய் இப்படி நடக்காது,
அது தாவும், தோன்றிய இடத்தில் உட்காரும்.
நீல அட்டையிலும் ஒட்டிக்கொண்டது பத்துப் பதினைந்துதான்.
இது வரிசை பிசகாமல் போயிருந்தது,
ஒரு செடி விடாமல்,
கூலிக்கு வேலை செய்கிறவளின் ஒழுங்கில்.

ஆறாம் பாத்தி நடுவில் சட்டென்று நின்றது.
அங்கிருந்து பன்னிரண்டு நூலுக்குப் புள்ளி.
பிறகு மறுபடி.

நோட்டை முன்பக்கம் திருப்பினேன்.
பதினாறு நாளுக்கு முன், செவ்வாய்.
பக்கக் கிளை கிள்ளியது: கௌரம்மா.
நான்.

மூன்றாம் பாத்தி முடிந்ததும் களி தின்றேன்.
வெற்றிலை போட்டேன், முந்தியிலிருந்து
ஒரு துணுக்குப் புகையிலை.
அதே விரலோடு நாலாம் பாத்தி.
ஆறாம் பாத்தியில் தண்டின் பிசுக்கு தாங்காமல்
குழாயடிக்குப் போய்
ரின் சோப்பு போட்டுக் கழுவினேன்.
அதுதான் அந்தப் பன்னிரண்டு.
நாலு மணிக்கு இன்னொரு வெற்றிலை.

என் ஒரு நாளை இவ்வளவு சரியாக
யாரும் எழுதி வைத்ததில்லை.

திம்மராயப்பா வாசலில் நின்றிருந்தார்,
நாளைய கலாசிபாளையம் லோடுக்கு
போனில் பெட்டி எண்ணிக்கொண்டு.
நோட்டை நீட்டினேன்.
"நான்தாங்க" என்றேன்.
அவர் பெருக்கல் குறிகளை விரலால் தடவிக்கொண்டே போனார்.
பன்னிரண்டு புள்ளியில் விரல் நின்றது.
நெடுநேரம் பேசவில்லை.
பிறகு, "பால் பவுடர் கிலோ என்ன விலை?"

நூற்று நாற்பத்தொரு செடி பிடுங்கினோம்,
மண் உதறாமல், மூட்டையாகக் கட்டி.
பிஞ்சு இருந்தது சிலதில்,
பொத்தான் அளவு, நல்ல பளபளப்பு.
வெங்கடலட்சுமி இந்த முறை எதுவும் சொல்லவில்லை.

இப்போது வாசலில் ஒரு பக்கெட்,
பால் பவுடர் கரைத்தது.
ஐந்து செடிக்கு ஒரு முறை
மணிக்கட்டு வரை கையை விட்டு எடுக்கிறேன்.
காயக் காய விரல் இறுகுகிறது.
முந்தி முடிச்சு காலி.
வாய்தான் நாலு மணிக்கு எதையோ தேடுகிறது.

சாயங்காலம் ராயக்கோட்டை பஸ்ஸில்
பக்கத்து சீட்டு அம்மா மோந்து பார்த்து,
"எத்தனை மாடு கறக்கறே?" என்றாள்.

"எட்டுப் பாத்தி" என்றேன்.